மீன் சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிப்பா? குழந்தைக்கு அலர்ஜிதானா என்று உறுதிசெய்வது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை மதியம் மீன் குழம்பு இல்லாத வீடுகள் நம் ஊரில் குறைவு. முள் நீக்கி, சோற்றில் பிசைந்து குழந்தைக்கு ஊட்டும்போது சில வீடுகளில் இப்படி நடக்கும். பத்து நிமிடத்தில் வாயைச் சுற்றிச் சிவக்கும். கன்னம், கழுத்து, வயிறு என்று கொசு கடித்ததுபோல் தடிப்புகள் கிளம்பும். ஒரு மணி நேரத்தில் தானாகவே அடங்கியும் விடும்.

அதன் பிறகு வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. "உடம்பு சூடு, வேற ஒண்ணுமில்ல" என்பார் ஒருவர். "கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்பார் இன்னொருவர். "இனிமே இந்தப் பிள்ளைக்கு மீனே வேண்டாம்" என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிடுவார்.

இந்த மூன்றுமே தவறாகப் போக வாய்ப்புள்ளது. உண்மையிலேயே மீன் அலர்ஜி உள்ள குழந்தைக்கு 'பழக்கப்படுத்துகிறோம்' என்று மீண்டும் கொடுத்தால், அடுத்த முறை தடிப்போடு நிற்காமல் மூச்சுத்திணறல் வரை போகலாம். அலர்ஜியே இல்லாத குழந்தைக்கு மீனை நிறுத்தினால், புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் உள்ள நல்ல உணவு ஒன்று காரணமே இல்லாமல் பறிபோகிறது.

அப்படியானால் எப்படித்தான் உறுதிசெய்வது? "ஒரு பிளட் டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடுமே" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். ஆனால், அலர்ஜி மருத்துவம் சொல்வது வேறு. டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும் அலர்ஜியை உறுதிசெய்யாது. அன்று என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லும் விவரம்தான் முதல் சாட்சி. அந்த விவரத்தோடு சேர்த்துப் படித்தால்தான் ரிப்போர்ட்டுக்கே அர்த்தம்.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

மீனின் தசையில் 'பார்வால்புமின்' என்ற சிறிய புரதம் இருக்கிறது. மீன் அலர்ஜி உள்ள பெரும்பாலானவர்களுக்குப் பிரச்னை தருவது இதுதான். நார்வேயில் 1960-களில் காட் என்ற கடல் மீனை வைத்து நடந்த ஆராய்ச்சிகளில் இந்தப் புரதம் பிரித்தறியப்பட்டது.

சிலரின் உடல், இந்தப் புரதத்தை எதிரி என்று தவறாகக் கணித்து, அதற்கென்றே 'ஐ.ஜி.இ' என்ற எதிர்ப்பான்களைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மீன் உள்ளே போனதும், இந்த எதிர்ப்பான்கள் சில செல்களைத் தூண்டிவிட, அவற்றிலிருந்து ஹிஸ்டமின் உள்ளிட்ட ரசாயனங்கள் கொட்டுகின்றன. தடிப்பு, அரிப்பு, வீக்கம், வாந்தி, இருமல், வீசிங் எல்லாம் அதன் விளைவுகள்.

பார்வால்புமின் சூட்டுக்கு எளிதில் அழிவதில்லை. அதனால் 'நல்லா வேக வெச்சா ஒண்ணும் ஆகாது', 'குழம்புதான் ஆகாது, வறுத்தா பரவாயில்ல' என்பதெல்லாம் பாதுகாப்பான யோசனைகள் அல்ல. அலர்ஜி தீவிரமாக உள்ள சில குழந்தைகளுக்கு மீன் வேகும் ஆவியை முகர்ந்தாலே மூக்கில் நீர் வடிவதும், வீசிங் வருவதும் உண்டு.

அலர்ஜி டெஸ்ட்டின் வரலாற்றிலேயே ஒரு மீன் கதை!

இன்று நாம் எடுக்கும் அலர்ஜி டெஸ்ட்களுக்குப் பின்னால் மீன் ஒவ்வாத ஒரு மருத்துவர் இருக்கிறார். ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் (இப்போது போலந்தில் உள்ள வ்ரோட்ஸ்வாஃப்) பணியாற்றிய ஹெய்ன்ஸ் க்யூஸ்ட்னருக்கு மீன் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது. அவருடைய சகாவான கார்ல் ப்ராஸ்னிட்ஸுக்கு மீனால் எந்தப் பிரச்னையும் கிடையாது.

க்யூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ப்ராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். பிறகு அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அங்கே தடிப்பு எழுந்தது. அலர்ஜியை உண்டாக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்பதைக் காட்டிய அந்த ஆய்வை இருவரும் 1921-ல் வெளியிட்டார்கள்.

அந்த 'ஏதோ ஒன்று'தான் ஐ.ஜி.இ என்று தெரிய 1960-களின் பிற்பகுதி ஆனது. அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யொஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியாக அதைக் கண்டறிந்தார்கள். இன்று லேபில் ரத்தம் எடுத்துப் பார்ப்பது இதைத்தான்.

மீன் சாப்பிட்டபின் வருவதெல்லாம் மீன் அலர்ஜி அல்ல!

டாக்டரிடம் போகும் முன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது. மீன் அலர்ஜி மாதிரியே தோன்றக்கூடியவை சில உண்டு.

1. கெட்டுப்போன மீன்: சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களைப் பிடித்ததிலிருந்து ஐஸில் சரியாக வைக்காவிட்டால், பாக்டீரியாக்கள் அந்த மீனிலேயே ஹிஸ்டமினை உருவாக்கிவிடும். அதைச் சாப்பிட்டால் முகம் சிவப்பது, தலைவலி, அரிப்பு, வாந்தி என்று அலர்ஜியைப் போலவே அறிகுறிகள் வரும். சிலருக்கு வாயில் மிளகு கடித்ததுபோல் காரமாக இருக்கும். சமைத்தாலும் இந்த ஹிஸ்டமின் போகாது. இதற்கு 'ஸ்காம்பிராய்டு' நச்சு என்று பெயர். அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் இதேபோல் வந்ததா என்பதுதான் இதைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வி.

2. மீன் அல்ல, கூட இருந்தது: வறுவல் மசாலாவில் முட்டை, மைதா சேர்ப்பது உண்டு. கடைகளில் இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் பொரிப்பார்கள். இறால், நண்டு அலர்ஜி உள்ள குழந்தைக்கு அந்த எண்ணெய் போதும். பழி மட்டும் மீன் மேல் விழும்.

3. வைரஸ் காய்ச்சல் தடிப்பு: குழந்தைகளுக்குத் திடீரென வரும் தடிப்புகளுக்கு, காணாக்கடி என்று நாம் சொல்வதற்கு, வைரஸ் தொற்று மிகப் பொதுவான காரணம். சளி, காய்ச்சல் இருந்த வாரத்தில் தற்செயலாக மீனும் சாப்பிட்டிருக்கலாம். இந்தத் தடிப்பு பெரும்பாலும் நாள்கணக்கில் வந்து வந்து போகும். உணவு அலர்ஜியின் தடிப்பு சில மணி நேரங்களில் அடங்கிவிடுவதே வழக்கம்.

4. வயிற்றை மட்டும் தாக்கும் வகை: இதில் தடிப்பே இருக்காது. மீன் ஊட்டி 1 முதல் 4 மணி நேரம் கழித்துக் குழந்தை அடுக்கடுக்காக வாந்தி எடுக்கும். வெளிறிப்போய்த் துவண்டு கிடக்கும். 'எஃப்.பி.ஐ.இ.எஸ்' என்ற இந்த வகை, திட உணவு தொடங்கும் வயதில் அதிகம் தெரியவரும். ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் இதற்கு மீன் முக்கியமான காரணம். இதில் ஐ.ஜி.இ-க்குப் பங்கு இல்லாததால், தோல் டெஸ்ட்டும் ரத்த டெஸ்ட்டும் பெரும்பாலும் 'நெகட்டிவ்' என்றே வரும். ஃபுட் பாய்சன், வயிற்றுப்போக்கு என்று கடந்துபோய்விடுவதும் நடக்கும். மீன் கொடுத்தபோதெல்லாம் இப்படி ஆனதா என்று யோசித்துச் சொல்ல வேண்டியது பெற்றோர்தான்.

டாக்டர் கேட்கும் கேள்விகள்... நீங்கள் தயாரா?

மீன் அலர்ஜியைக் கண்டறியும் முதல் கருவி ஊசியும் இல்லை, லேபும் இல்லை. நீங்கள் சொல்லும் விவரம். டாக்டர் அறையில் பதற்றத்தில் பாதி மறந்துபோகும் என்பதால், இவற்றை ஃபோனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* என்ன மீன்? 'கடல் மீன்' என்றால் போதாது. வஞ்சரமா, சங்கராவா, நெத்திலியா, கட்லாவா என்று பெயர் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் வாங்கிய இடத்தில் கேளுங்கள்.
* எவ்வளவு சாப்பிட்டது? ஒரு துண்டா, ஒரு வாயா, வெறும் குழம்பா?
* எத்தனை நிமிடத்தில் ஆரம்பித்தது? ஐ.ஜி.இ வகை அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கி, 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். மறுநாள் காலையில் வந்த தடிப்புக்கு நேற்று மதியத்து மீனைக் காரணம் சொல்வது கடினம்.
* முதலில் என்ன வந்தது, அடுத்து என்ன வந்தது? தோல், வயிறு, மூச்சு... எவையெல்லாம் பாதிக்கப்பட்டன?
* எவ்வளவு நேரம் நீடித்தது? என்ன மருந்து கொடுத்தீர்கள்?
* அதே மீனை இதற்கு முன் சாப்பிட்டிருக்கிறதா? அதற்குப் பிறகு சாப்பிட்டதா? பிரச்னை வந்த பிறகு அதே மீனை வழக்கமான அளவில் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த மீனுக்கு அலர்ஜி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இதைத் தெரிந்துகொள்வதற்காக இப்போது புதிதாகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்!
* வேறு எந்த மீன், கருவாடு, இறால், நண்டு ஒத்துக்கொள்கிறது?
* அன்று காய்ச்சல் இருந்ததா? சாப்பிட்டதும் ஓடியாடி விளையாடியதா? இவை அலர்ஜியைத் தீவிரமாக்கலாம்.
* வீட்டில் மற்றவர்களுக்கும் ஏதாவது ஆனதா?
* குழந்தைக்குக் கரப்பான், ஆஸ்துமா இருக்கிறதா?

இன்னொன்று, தடிப்பு வந்ததும் ஃபோனில் போட்டோ எடுத்துவிடுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் பெரும்பாலும் தடிப்பு மறைந்திருக்கும். போட்டோவில் நேரமும் பதிவாகும் என்பதால் அது நல்ல சாட்சி. பாக்கெட் உணவாக இருந்தால் அதன் பின்பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோல் டெஸ்ட்: 15 நிமிடத்தில் பதில், ஆனால் பாதி பதில்

விவரங்களைக் கேட்டபின், மீன் அலர்ஜியாக இருக்கலாம் என்று டாக்டர் நினைத்தால் அடுத்தது தோல் டெஸ்ட். 'ஸ்கின் பிரிக் டெஸ்ட்' என்பார்கள். முன்கையிலோ முதுகிலோ மீன் சாற்றை ஒரு துளி வைத்து, அதன் வழியாகத் தோலின் மேற்பரப்பில் லேசாகக் கீறுவார்கள். ரத்தம் வராது, வலியும் குறைவு. பக்கத்திலேயே ஹிஸ்டமின் ஒரு துளியும், வெறும் உப்புநீர் ஒரு துளியும் ஒப்பிட்டுப் பார்க்க வைப்பார்கள். சுமார் 15 நிமிடத்தில், உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மி.மீ அல்லது அதற்கு மேல் தடித்தால் 'பாசிட்டிவ்'.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, செட்டிரிசின் போன்ற அலர்ஜி மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தால் தோல் தடிக்காது. டெஸ்ட்டுக்குச் சில நாள்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். சில இருமல், சளி சிரப்களிலும் இந்த வகை மருந்து உண்டு என்பதால் கொடுக்கும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள்.

இரண்டாவது, கம்பெனிகள் தயாரிக்கும் மீன் சாறுகளில் பல, காட், சால்மன் போன்ற வெளிநாட்டு மீன்களைக் கொண்டவை. உங்கள் குழந்தை சாப்பிட்டது சங்கராவோ கிழங்கானோவாக இருக்கும். இதனால், சாப்பிட்ட அதே மீனைக் கொண்டுவரச் சொல்லி, ஊசியால் முதலில் மீனைக் குத்தி, பிறகு தோலில் குத்திப் பார்க்கும் முறையையும் டாக்டர்கள் கையாள்கிறார்கள். இதை வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

ரத்த டெஸ்ட்: ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

தோல் முழுக்கக் கரப்பான் இருந்தாலோ, அலர்ஜி மருந்தை நிறுத்த முடியாவிட்டாலோ ரத்த டெஸ்ட் உதவும். மீனுக்கென்று உருவான ஐ.ஜி.இ எவ்வளவு இருக்கிறது என்பதை இது அளக்கும். பெரும்பாலான லேப்களில் 0.35 என்ற அளவுக்கு மேல் போனால் 'பாசிட்டிவ்' என்று அச்சாகி வரும்.

ஆனால், 'பாசிட்டிவ்' என்றால் 'அலர்ஜி இருக்கிறது' என்று பொருள் அல்ல. குழந்தையின் உடல் அந்த மீனுக்கு எதிர்ப்பான் தயாரித்து வைத்திருக்கிறது என்று மட்டுமே பொருள். அந்த எதிர்ப்பான் இருந்தும், மீனை நிம்மதியாகச் சாப்பிடும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆய்வில், ஏதாவது ஓர் உணவுக்கு ரத்தத்தில் ஐ.ஜி.இ இருந்தவர்கள் சுமார் 26 சதவிகிதம். அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தபோது உணவு அலர்ஜி இருக்க வாய்ப்புள்ளவர்கள் 1.2 சதவிகிதம் மட்டுமே. ரிப்போர்ட்டை மட்டும் நம்பியிருந்தால், எத்தனை பேர் காரணமில்லாமல் சாப்பாட்டைத் தியாகம் செய்திருப்பார்கள்?

அளவு மிக அதிகமாக இருந்தால் அலர்ஜி இருக்கும் வாய்ப்பும் கூடும் என்பது உண்மை. அமெரிக்கக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், காட் மீனுக்கான ஐ.ஜி.இ 20-க்கு மேல் இருந்தால் அலர்ஜி ஏறக்குறைய உறுதி என்று கண்டார்கள். அந்தக் கணக்கை நம் ஊர் மீன்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. அடுத்த முறை பாதிப்பு எவ்வளவு தீவிரமாக இருக்கும் என்பதையும் தோல் டெஸ்ட்டின் தடிப்போ, ரத்த டெஸ்ட்டின் எண்ணோ சொல்லாது. குறைந்த எண் உள்ள குழந்தைக்குத் தீவிரமான பாதிப்பு வருவதும் நடக்கும்.

பேக்கேஜ் டெஸ்ட் எடுக்கலாமா?

'நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே டெஸ்ட்' என்ற விளம்பரங்களை இப்போது ஃபோனில் அடிக்கடி பார்க்கிறோம். இவற்றில் சில அளப்பது ஐ.ஜி.இ-யை அல்ல, 'ஐ.ஜி.ஜி' என்ற வேறொரு எதிர்ப்பானை. ஓர் உணவைச் சாப்பிட்டுப் பழகியவர்களின் உடலில் ஐ.ஜி.ஜி இருப்பது இயல்பு. அதை வைத்து உணவு அலர்ஜியைக் கண்டறியக் கூடாது என்று அமெரிக்க, ஐரோப்பிய அலர்ஜி மருத்துவ அமைப்புகள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன.

ஐ.ஜி.இ பேக்கேஜிலும் சிக்கல் உண்டு. கரப்பான் உள்ள குழந்தைகளுக்குப் பல உணவுகள் 'பாசிட்டிவ்' என்று வருவது சகஜம். நம் வீடுகளில் 'கரப்பான் பண்டம்' என்று மீன், கருவாடு, கத்திரிக்காய் என ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு. அதோடு லேப் கொடுத்த பட்டியலும் சேர்ந்தால், வளரும் பிள்ளையின் தட்டில் சோறும் ரசமும்தான் மிஞ்சும். எந்த உணவின் மேல் சந்தேகமோ அதற்கு மட்டும் டெஸ்ட் எடுப்பதே சரியான வழி.

உறுதியான பதில் தரும் டெஸ்ட் எது?

விவரமும் டெஸ்ட்டும் ஒரே பக்கம் கைகாட்டினால் அத்துடன் முடிந்தது. உதாரணமாக, மீன் சாப்பிட்ட 10 நிமிடத்தில் தடிப்பும் வாந்தியும், அதே மீனுக்குத் தோல் டெஸ்ட்டும் பாசிட்டிவ் என்றால் மேலே சோதிக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

இரண்டும் முரண்பட்டால்? அப்போதுதான் 'ஓரல் ஃபுட் சேலஞ்ச்'. மருத்துவமனையில், டாக்டரின் கண்காணிப்பில், சந்தேகத்துக்குரிய மீனைக் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிச் சாப்பிடக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே இடைவெளி விட்டு, தோல், மூச்சு, நாடித்துடிப்பைக் கவனிப்பார்கள். வயதுக்கேற்ற முழு அளவைச் சாப்பிட்டபின்னும் சில மணி நேரம் உட்கார வைத்திருப்பார்கள். சந்தேகத்துக்கே இடம் இருக்கக் கூடாது என்றால், எது மீன், எது மீன் இல்லாதது என்பது குழந்தைக்கும் பெற்றோருக்கும் டாக்டருக்கும் தெரியாதபடி மறைத்துக் கொடுக்கும் முறையும் உண்டு. உணவு அலர்ஜியைக் கண்டறிவதில் அதுதான் உச்ச அளவுகோல்.

மேலோட்டமாகப் பார்த்தால், 'கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பாரு' என்று வீட்டில் சொன்னதைத்தானே மருத்துவமனையிலும் செய்கிறார்கள் என்று தோன்றும். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும், அதைப் போடத் தெரிந்தவர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். அது இல்லாத இடத்தில் இந்தச் சோதனை ஆபத்து.

ஒரு மீன் ஆகாது என்றால் எல்லா மீனும் ஆகாதா?

பெரும்பாலான மீன்களின் பார்வால்புமின் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். அதனால் ஒரு மீன் ஒத்துக்கொள்ளாத பலருக்கு வேறு மீன்களும் ஒத்துக்கொள்வதில்லை. 'கடல் மீன்தானே ஆகாது, ஏரி மீன் குடுக்கலாம்' என்பது சரியான கணக்கு அல்ல. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனத்து மீன்களில் இந்தப் புரதம் நிறையவே உண்டு.

ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. சூரை போன்ற மீன்களில் பார்வால்புமின் குறைவு என்பதால் சிலருக்கு அவை ஒத்துக்கொள்ளும். சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்களில் இருப்பது அலர்ஜியை அவ்வளவாகத் தூண்டாத வேறு வகைப் பார்வால்புமின். மற்ற மீன்கள் ஆகாதவர்களில் பலர் திருக்கையைச் சாப்பிட முடிவதை ஐரோப்பாவில் நடந்த ஆய்வு காட்டியது. ஒரே ஒரு மீன் மட்டும் ஆகாதவர்களும் உண்டு.

இதைப் படித்துவிட்டு, சுறாப்புட்டு செய்து கொடுத்துப் பார்க்கலாம் என்று கிளம்ப வேண்டாம். எது ஒத்துக்கொள்ளும் என்பதை ஒவ்வொரு மீனாக, டாக்டரின் கண்காணிப்பில் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 'எல்லா மீனும் வேண்டாம்' என்று ஒரே வரியில் கதவைச் சாத்தாமல், 'எந்த மீன் கொடுக்கலாம்?' என்ற கேள்வியையும் டாக்டரிடம் கேளுங்கள்.

இறால், நண்டு வேறு கணக்கு. அவற்றில் பிரச்னை தரும் முக்கியப் புரதம் 'ட்ரோபோமயோசின்'. மீன் ஆகாத குழந்தைக்கு இறால் ஆகலாம், இறால் ஆகாத குழந்தைக்கு மீன் ஆகலாம். இரண்டுமே ஆகாதவர்களும் இருக்கிறார்கள் என்பதால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அலர்ஜி உறுதியானால் என்ன செய்வது?

ஒளிந்திருக்கும் மீனைக் கண்டுபிடியுங்கள்: மாசிக் கருவாடு சேர்த்த சம்பல், சைனீஸ் உணவகங்களின் ஃபிஷ் சாஸ், நெத்திலி சேர்க்கப்படும் வோர்ஸ்டர்ஷைர் சாஸ், மீன் எண்ணெய் மாத்திரை... இவற்றையெல்லாம் டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள். 'கிராப் ஸ்டிக்' என்று விற்பது பெரும்பாலும் நண்டு அல்ல, அரைத்த மீன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் மீன் இருந்தால் அதை அலர்ஜி எச்சரிக்கையாகக் குறிப்பிட வேண்டும். வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள்.

வீட்டில்: மீன் பொரித்த எண்ணெயில் குழந்தைக்கு அப்பளம்கூடப் பொரிக்காதீர்கள். கரண்டி, தோசைக்கல் தனியாக இருக்கட்டும். மீன் சமைக்கும்போது குழந்தையை அடுப்படிக்கு வெளியே வைத்திருங்கள். தாத்தா, பாட்டி, பள்ளி ஆசிரியர், வேன் அண்ணன், பக்கத்து வீடு என எல்லாருக்கும் தகவல் தெரிய வேண்டும்.

சத்து: மீன் நின்றால் முட்டை, பயறு, பால், கோழி என்று புரதத்துக்கு மாற்று வேண்டும். உணவியல் நிபுணரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

மீண்டும் சோதனை: பால், முட்டை அலர்ஜியோடு ஒப்பிட்டால் மீன் அலர்ஜி வளர வளர மறைவது குறைவு. ஆனால், சில குழந்தைகளுக்கு மறையும். டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். நீங்களாகக் கொடுத்துப் பார்க்க வேண்டாம்.

இந்த அறிகுறிகள் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்

குரல் மாறுவது, நாக்கு வீங்குவது, விடாத இருமல், வீசிங், மூச்சுத்திணறல், தொடர் வாந்தியோடு தடிப்பு, உடல் வெளிறித் துவண்டு மயங்குவது... இவை 'அனாஃபிலாக்சிஸ்' என்ற உயிருக்கு ஆபத்தான நிலையின் அடையாளங்கள். சில நேரம் தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரலாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். ஏற்கெனவே டாக்டர் எழுதிக்கொடுத்துப் பழக்கியிருந்தால் உடனே போடுங்கள். இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தையைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்கார்ந்தபடி இருக்கட்டும். எழுந்து நடக்கவிடாதீர்கள். அவில், செட்டிரிசின் போன்றவை அரிப்பைக் குறைக்குமே தவிர, இந்த நிலையில் உயிரைக் காப்பாற்றாது. சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும், சில மணி நேரத்தில் மறுபடி வரலாம் என்பதால் மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் இருப்பது அவசியம்.

அலர்ஜி உறுதியானால், குழந்தையின் எடைக்கு ஏற்ற அளவோடு ஓர் அவசரகாலத் திட்டத்தை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டு வாங்கி, ஒரு பிரதியைப் பள்ளியிலும் கொடுங்கள்.

பயந்துகொண்டு மீனைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம். அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை மீன் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் 2000-ல் சொன்னது உண்மைதான். தள்ளிப்போடுவது அலர்ஜியைத் தடுக்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதால் 2008-ல் அந்த ஆலோசனையைக் கைவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு மற்ற திட உணவுகளோடு, முள் நீக்கி நன்றாக மசித்த மீனையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். ஏற்கெனவே தீவிரமான கரப்பானோ, வேறு உணவு அலர்ஜியோ இருக்கும் குழந்தை என்றால் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு மீன் சாப்பிட்டு ஒருமுறையாவது தடிப்போ வாந்தியோ வந்திருக்கிறதா? மேலே உள்ள கேள்விகளுக்கான பதில்களை இன்றே ஃபோனில் எழுதி வையுங்கள். குழந்தைகள் நல மருத்துவரைப் பார்க்கும்வரை அந்த மீனை மறுபடி கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் அவர் அலர்ஜி நிபுணரிடம் அனுப்புவார். டெஸ்ட் எழுதிக்கொடுத்தால், "இது எதற்காக? பாசிட்டிவ் வந்தால் என்ன செய்யப் போகிறோம், நெகட்டிவ் வந்தால் என்ன செய்யப் போகிறோம்?" என்று தயங்காமல் கேளுங்கள். அந்தப் பதில்கள் தெரிந்தபின் மீன் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுங்கள்.